ஓவர் சார் பிடித்த பேனர்

ஒருவரை உளவு பார்ப்பதை அந்த ஒருவருக்கே காதில் விழும்படி செய்த அதிகாரி, இந்த நாட்டில் எங்கள் ஓவர் சார் ஒருவராகத்தான் இருக்க முடியும். ரகசியத்துக்கும் அவருக்கும் அறிமுகமே கிடையாது. அவர் காதோடு காதாக ஒரு விஷயம் சொன்னால், ஜி.எஸ்.டி. சாலையின் எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவர் எங்களுக்கு வாய்த்த கதையைச் சொல்ல வேண்டுமென்றால் ஏரியிலிருந்து தொடங்க வேண்டும். தாம்பரத்துக்குத் தெற்கே எங்கள் குடியிருப்பை ஒட்டி ஓர் ஏரி இருக்கிறது. அது நிரம்பினால் தண்ணீர் வெளியேற ஒரு கால்வாய் இருந்தது. அந்தக் கால்வாயின் மேல் ஒரு கட்டுமான நிறுவனம் சுற்றுச்சுவர் எழுப்பிவிட்டது. தண்ணீருக்கு வேறு வழி தெரியாததால் எங்கள் வீடுகளுக்குள் வர ஆரம்பித்தது. மனு கொடுத்தோம். மனுவுக்கு மேல் மனு கொடுத்தோம். கடைசியில், ஏரிப் பாதுகாப்புக் குழு என்று ஒன்றை ஆரம்பித்தோம்.

குழு என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். தலைவர் ஏகாம்பரம். அந்த ஏரித் தண்ணீரில் நெல் விளைவித்த குடும்பத்தில் பிறந்து, இப்போது அதே நிலத்தில் ஹார்டுவேர் கடையும் நாலு வாடகை வீடுகளும் வைத்திருப்பவர். கோமதி அக்கா கடற்கரைக் குப்பத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்கிறார். மழை வந்தால் அவர் வீட்டு ஃபிரிட்ஜ்தான் தெருவில் முதலில் மிதக்கும். திவ்யா காட்டாங்குளத்தூர்க் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. பொத்தேரியில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். தண்ணீர் எந்த மட்டத்தில் எந்தப் பக்கம் ஓடும் என்று படம் போட்டுச் சொல்லக்கூடியவள் அவள் ஒருத்திதான். நான் மனு எழுதுபவன். இன்னும் சில பேர் வருவார்கள், போவார்கள்.

மனு கொடுத்துக்கொண்டிருந்த வரைக்கும் எங்களைக் கண்டுகொள்ளாத அரசாங்கம், கூட்டம் போட்டதும் கண்டுகொண்டது. ஓர் ஆளையே அனுப்பி வைத்தது.

ஏகாம்பரம் கடை வாசலில், பிளாஸ்டிக் குழாய் அடுக்குகளுக்கு நடுவே எங்கள் இரண்டாவது கூட்டம் நடந்துகொண்டிருந்தது. ஒட்ட வெட்டிய தலை, நரைக்காத மீசை, வெளியே எடுத்துவிட்ட கோடுபோட்ட சட்டை, காலில் பளபளவென்று பாலிஷ் போட்ட பிரவுன் ஷூ. இப்படி ஒருவர் வந்து பெயின்ட் டப்பா ஒன்றின் மேல் உட்கார்ந்தார்.

"யாரு சார் நீங்க?" என்றார் ஏகாம்பரம்.

"பொதுமக்கள்."

"ஒருத்தராத்தானே வந்திருக்கீங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "பொதுமக்கள்ல ஒருத்தர்," என்று திருத்திக்கொண்டார். பிறகு செல்போனை எடுத்துக் காதில் வைத்து முழங்கினார். "சார், ஸ்பாட்டுக்கு வந்துட்டேன் சார். எட்டுப் பேர் இருக்காங்க சார். அதுல ஒருத்தர் டீ கிளாஸ் திரும்ப வாங்க வந்தவர் சார். என்னை யாரும் சந்தேகப்படலை சார். ஓவர்!"

செல்போனில் எதற்கு ஓவர் என்று எங்களுக்குப் புரியவில்லை. வயர்லெஸ்ஸில் பேசிப் பேசிப் பழகிய நாக்கு என்று பின்னால்தான் தெரிந்தது. அவருடைய மேலதிகாரிக்குக் காது மந்தம் என்பதும் பின்னால்தான் தெரிந்தது. கடைக்குப் பின்னால் ரயில் தண்டவாளம், தலைக்கு மேலே விமானப்படை விமானம், முன்னால் ஜி.எஸ்.டி. சாலை. இத்தனையையும் தாண்டி ஒரு மந்தக் காதை எட்ட வேண்டிய பொறுப்பு அவர் தொண்டைக்கு இருந்தது. அன்றைக்கே அவருக்குப் பெயர் வைத்துவிட்டோம். நிஜப் பெயரை அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அதன் பிறகு எங்கள் கூட்டங்கள் கிரிக்கெட் வர்ணனையோடு நடந்தன.

"சார், இப்போ பேசறவர் கண்ணாடி போட்டவர் சார். ரொம்ப உணர்ச்சிவசப்படறார் சார். ஓவர்!"

"சார், நான் உணர்ச்சிவசப்படலை. எனக்கு இருமல்," என்றேன் நான்.

"சார், திருத்தம். இருமல் சார். ஓவர்!"

கோமதி அக்காவுக்குத்தான் இது பொறுக்காது. "இன்னா சாரே, நாங்க பேசறதே தெருவு ஃபுல்லா கேக்குது. நீ வேற அத்த திரும்பிச் சொல்லிகினு கீற. பேஜாரா கீதுப்பா உன்னோட."

"டூட்டிக்கா."

"டூட்டின்னா டீ குட்சிட்டு பண்ணு. ஆறுது பாரு."

அவரிடம் ஒரு கோளாறு இருந்தது. கண்ணால் பார்த்ததை மட்டும்தான் சொல்வார். அதில் ஒரு துளி கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். ஒருமுறை ஏரிக்கரையில் உண்ணாவிரதம் இருந்தோம். பத்திரிகைக்காரர்களிடம் ஏகாம்பரம் நெஞ்சை நிமிர்த்தி, "ஐந்நூறு பேர்," என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, பத்தடி தள்ளி இடி முழங்கியது. "சார், நாப்பது பேர் சார். அதுல ஆறு பேர் ஆடு மேய்க்க வந்தவங்க சார். ஓவர்!"

ஏகாம்பரம் அவரைத் தனியே கூட்டிப்போய்க் கெஞ்சினார். "சார், ஒரு நூறுன்னாவது சொல்லக் கூடாதா? எங்களுக்கும் ஒரு கௌரவம் இருக்குல்ல?"

"இல்லாத ஆளை நான் எங்கேர்ந்து சார் கொண்டாருவேன்?"

"உங்க மேலதிகாரி எண்ணிப் பார்க்கவா போறாரு?"

"அவர் எண்ண மாட்டாரு. நான் எண்ணிட்டேனே."

கொட்டுகிற மழை நாளில் ஒரு கூட்டம். எங்களில் ஒருவர்கூடப் போகவில்லை. அவர் போயிருக்கிறார். பூட்டிய கடையின் ஷட்டருக்கு முன்னால் குடையோடு நின்று அவர் கொடுத்த அறிக்கையை எதிர்வீட்டுக்காரர் கேட்டு எங்களிடம் சொன்னார்: "சார், கூட்டத்துக்கு நான் மட்டும்தான் சார் வந்திருக்கேன். முழக்கம் எதுவும் எழுப்பலை சார்."

அதற்குப் பிறகு கூட்டம் ரத்தானால் அவருக்கு முதலில் போன் செய்து சொல்வது என்று தீர்மானமே போட்டோம். அவரும் முறையாக நடந்துகொண்டார். "சார், ஞாயித்துக்கிழமை ஏதாவது வெச்சிருக்கீங்களா? மச்சினி வீட்ல விசேஷம். நீங்க வெச்சா நான் போக முடியாது," என்பார். அவர் மச்சினிக்காக ஓர் ஆர்ப்பாட்டத்தைத் தள்ளிவைத்திருக்கிறோம்.

சிரித்துக்கொண்டே பழகியதால், அந்த மனிதர் அங்கே எதற்காக உட்கார்ந்திருக்கிறார் என்பது எங்களுக்கு மறந்தே போயிருந்தது. நினைவுபடுத்தியது திவ்யாதான்.

ஒருநாள் அவள் கூட்டத்துக்கு வந்த வேகத்தில், நேராக அவர் முன்னால் போய் நின்றாள். "எங்க ஊருக்கு யாரோ போன் பண்ணியிருக்காங்க சார். உங்க பொண்ணு யார் யாரோட சுத்துறா, அவளுக்குப் பணம் எங்கிருந்து வருதுன்னு அப்பாகிட்ட கேட்டிருக்காங்க. அப்பா பயந்துபோய் படிப்பே வேணாம், கிளம்பி வான்னு சொல்றார். எங்க வீட்டு நம்பரைக் குடுத்தது நீங்கதானே?"

வேறு யாராக இருந்தாலும் இல்லை என்றிருப்பார்கள். அவர் எழுந்து நின்றார்.

"ஆமாம்மா. நான்தான் குடுத்தேன். கேட்டாங்க. பேசினது வேற செக்‌ஷன்."

"நான் என்ன சார் தப்பு பண்ணேன்?"

"தப்பு எதுவும் பண்ணலைன்னுதாம்மா நானும் சொன்னேன்."

"அப்புறம் எதுக்கு நம்பர்?"

அவர் மறுபடி பெயின்ட் டப்பாவில் உட்கார்ந்தார். அன்று கோமதி அக்கா வாங்கிவைத்த டீயை அவர் தொடவில்லை. போனிலும் பேசவில்லை. திவ்யா அப்பாவோடு சண்டை போட்டு, சமாதானம் செய்து, படிப்பைத் தொடர்ந்தாள். கூட்டங்களுக்கும் வந்தாள். ஆனால் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவரும் தன் பெயின்ட் டப்பாவை அவளிடமிருந்து நாலடி தள்ளிப் போட்டுக்கொண்டார்.

அடுத்த மழைக்காலம் நெருங்கியது. சுவர் அப்படியே நின்றது. வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலமாகப் போவது என்று முடிவு செய்தோம். இந்த முறை நிஜமாகவே நூறு பேருக்கு மேல் வந்தார்கள். ஓவர் சாரே எண்ணிச் சொன்னதால் ஏகாம்பரத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

எங்களைத் தடுக்க வெளி மாவட்டத்திலிருந்து போலீஸ் வந்திருந்தது. அன்று பேய்க்காற்று. பேனரின் ஒரு முனையைத் திவ்யா பிடித்திருந்தாள். மறுமுனையைப் பிடித்திருந்த ஏகாம்பரத்தின் வேட்டி காற்றில் அவிழத் தொடங்கியது. பக்கத்தில் நின்றவர் ஓவர் சார். "கொஞ்சம் பிடிங்க சார், இதோ கட்டிக்கிறேன்," என்று கம்பை அவர் கையில் திணித்துவிட்டார் ஏகாம்பரம். ஏரியைக் காப்போம் என்ற பேனரின் ஒரு முனையில் திவ்யா, மறுமுனையில் அரசாங்கம்.

சரியாக அப்போது எங்கோ கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. ஒரு போலீஸ் ஜீப்பின் பின்கண்ணாடி நொறுங்கியிருந்தது. "கல்லு விடறாங்க!" என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான். எல்லாரையும் அள்ளி வேனில் ஏற்றினார்கள். பேனரோடு ஓவர் சாரையும் ஏற்றினார்கள்.

"யோவ், அந்தாளு உங்க ஆளுய்யா!" என்று கத்தினார் கோமதி அக்கா.

"ஏறும்மா. எல்லாரும் இதையேதான் சொல்றீங்க," என்றார் ஒரு காவலர். தான் மஃப்டியில் இருக்கும்போது யாரென்று பொது இடத்தில் சொல்லக் கூடாது என்று ஓவர் சார் உறுதியாக இருந்தார். ஊரில் அவர் யாரென்று தெரியாதவர்கள் அந்த வெளி மாவட்டக் காவலர்கள் மட்டும்தான்.

கொண்டுபோய் அடைத்தது ஒரு கல்யாண மண்டபத்தில். முந்தின நாள் கல்யாணத்தின் வாழைமரம் வாசலில் வாடி நின்றது. மதியம் சாம்பார் சாதமும் அப்பளமும் போட்டார்கள். பாதிச் சாப்பாட்டில் இன்ஸ்பெக்டர் உள்ளே வந்து திவ்யாவைக் காட்டினார். "அந்தப் பொண்ணு மேல தனி கேஸ். ஜீப் கண்ணாடியை உடைச்சது அதுதான். மத்தவங்க சாயங்காலம் போகலாம்."

திவ்யாவின் கையில் இருந்த சோறு தட்டில் விழுந்தது. "சார், நான் பேனர் பிடிச்சிட்டிருந்தேன் சார்," என்றாள். எங்கள் பேச்சை இன்ஸ்பெக்டர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கேஸ் விழுந்தால் படிப்பு போயிற்று, பாஸ்போர்ட் போயிற்று, அவள் அப்பா சொன்னது சரியாயிற்று.

ஓவர் சார் எழுந்தார். கை கழுவினார். கர்சீப்பில் துடைத்துக்கொண்டார். மண்டபத்தின் நட்டநடுவில் நின்று செல்போனைக் காதில் வைத்தார்.

"சார்! கல்யாண மண்டபத்துலேர்ந்து பேசறேன் சார். ஜீப் கண்ணாடியை யாரும் கல்லால அடிக்கலை சார். நம்ம டிரைவர் ரிவர்ஸ் எடுக்கும்போது போர்டு கம்பத்துல இடிச்சிட்டாரு சார். நான் கண்ணால பார்த்தேன் சார். அந்தப் பொண்ணு அப்போ பேனரோட அந்த முனையைப் பிடிச்சிருந்தது சார்!"

மண்டபமே எழுந்து நின்றது. இன்ஸ்பெக்டர் பாய்ந்து வந்தார். "யோவ், யாருய்யா நீ? மெதுவா பேசுய்யா!"

"அவருக்குக் காது கேக்காது சார்," என்று பணிவாகச் சொல்லிவிட்டு ஓவர் சார் தொடர்ந்தார். "எப்படித் தெரியும்னா சார், இந்த முனையை நான் பிடிச்சிருந்தேன் சார். ஆமா சார். போராட்டப் பேனர்தான் சார். நான்தான் சார். ஓவர்!"

நூறு பேருக்கு மேல் கேட்ட ஒன்றை யாரும் கேட்காதது போல நடிக்க முடியாது. தனி கேஸ் கைவிடப்பட்டது. இன்ஸ்பெக்டர் போன பிறகு திவ்யா ஓவர் சார் எதிரில் வந்து உட்கார்ந்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவரிடம் பேசினாள்.

"உங்க வேலைக்கு ஆபத்தில்லையா சார்? எதுக்குச் சொன்னீங்க?"

"அன்னிக்கு நம்பர் கேட்டாங்க, தெரிஞ்சதைச் சொன்னேன். அது உனக்குக் கெடுதலாப் போச்சு. இன்னிக்கும் தெரிஞ்சதைத்தாம்மா சொன்னேன்."

அவள் தன் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.

உளவு பார்க்கப் போனவர் போராட்டத்தில் பங்கெடுத்தார் என்று அவர்மேல் விசாரணை வந்தது. பங்கெடுத்தீர்களா என்று கேட்டார்கள். காற்றடித்த நேரம் மட்டும் என்று சொல்லியிருக்கிறார். வேறு மாவட்டத்தில் ஏதோ ஒரு கிடங்குக் காவலுக்கு மாற்றினார்கள். சுவரில் ஒரு பகுதியை இடித்தார்கள். இப்போது தண்ணீர் பாதி கால்வாயிலும் பாதி எங்கள் தெருவிலும் ஓடுகிறது. மீதிக்காக இன்னும் கூட்டம் போடுகிறோம். ஓவர் சாருக்குப் பதிலாக யார் வருகிறார் என்று தெரியவில்லை. வாட்ஸ்அப் குழுவில் தெரியாத நம்பர்கள் நாலைந்து இருக்கின்றன. ஒன்றுகூட வாய் திறந்து பேசியதில்லை.

போன தை மாதம் ஊரப்பாக்கத்தில் அவர் கட்டிய வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். எங்கள் நாலு பேருக்கும் பத்திரிகை வந்தது. போனோம். வாசலில் பட்டு வேட்டியில் நின்றவர் எங்களைப் பார்த்ததும் செருப்பில்லாமல் தெருவுக்கே ஓடிவந்தார். ஒவ்வொரு அறையாகக் கூட்டிப்போய்க் காட்டினார். சமையலறையில் அவருடைய மாமியார், மீன் கூடை தூக்கிப் பழகிய கோமதி அக்காவையும், ஜீன்ஸ் போட்ட திவ்யாவையும், ஏகாம்பரத்தையும், என்னையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன உறவு என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"யாரு மாப்ளே இவங்கள்லாம்?"

ஓவர் சார் எங்கள் நாலு பேரையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு, அவரிடம் நாங்கள் கேட்டேயிராத தணிந்த குரலில் சொன்னார்.

"என்கூட வேலை பார்த்தவங்க அத்தை."

நாங்கள் யாரும் மறுத்துப் பேசவில்லை. பந்தியில் எங்களை அவருடைய சொந்தக்காரர்களுக்கு முன்னால் உட்காரவைத்து, பாயசத்தை அவர் கையாலேயே ஊற்றினார்.