ஏலத்துக்குப் போன எமர்ஜென்சி கூடை

அன்பும் மதிப்பும் நிறைந்த ஜினோ அத்தானுக்கு,

இராஜாக்கமங்கலத்திலிருந்து உங்கள் மனைவி ஷைஜா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும், நம்ம மகள் ஜெஸ்மியும், உங்க அப்பாவும் இந்த நிமிடம் வரை சுகம். அடுத்த நிமிடத்தைப் பற்றி வானிலை ஆய்வு மையம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. மஸ்கட்டில் நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பாலைவனத்திலேயே வெள்ளம் என்று டிவியில் காட்டினார்கள், மாடி ரூமாகப் பார்த்து இருந்துகொள்ளுங்கள்.

பிள்ளை உறங்கியாச்சு, எனக்கு உறக்கம் வரவில்லை, எழுதுகிறேன். வாட்ஸ்அப் இருக்கும்போது கடிதம் என்னத்துக்கு என்று கேட்பீர்கள். என் வாய்ஸ் மெசேஜை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்பேன் என்று உங்க வாயாலேயே சொன்னியளே. இதை அப்படி ஓட்ட முடியாது. போட்டோ எடுத்து அனுப்புவேன், நிதானமாகப் படிக்கணும்.

விஷயம் இதுதான். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மயிலாடியில் எங்க அப்பா வீட்டுக்குப் போகணும். மாமாவும் கூட வரணும். அவர் வரமாட்டேன் என்கிறார். தனியாக விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்.

போன மாதம் கள்ளக்கடல் வந்ததை உங்களிடம் பாதிதான் சொன்னேன். மழை இல்லை, காற்று இல்லை, நல்ல பட்டப்பகல். ஜெஸ்மி தென்னை மூட்டில் மண்ணு வாரி விளையாடிக்கிட்டிருக்கா, நான் துணியை உதறிக் காயப்போட்டுட்டுத் திரும்புறேன், கடல் சத்தம் காட்டாமல் தோப்புக்குள்ள வந்து நிக்குது. சும்மாவா கள்ளக்கடல்னு பேரு வச்சான்! பிள்ளையைத் தூக்கிட்டேன், அவ செருப்புல ஒண்ணு போயிட்டு. “கடலுக்கு ஒரு காலுதானா அம்மா?”ன்னு கேக்கா. எனக்குச் சிரிப்பு வரவில்லை, அத்தான். நான் ஜியாகிரபி படித்ததுதான் தப்பு. கடல் ஏன் சூடாகுது, ஏன் ஏறி வருதுன்னு பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கினேன், இப்போ அவ்வளவும் வாசலில் வந்து நிக்குது. மாமா படிக்கல்ல, நிம்மதியாகக் குறட்டை விடுகிறார். “கடலு எங்க அப்பன் காலத்துலயும் இங்கதான மக்ளே கெடந்துது” என்கிறார். “அப்போ தோப்புக்கு வெளிய கெடந்துது மாமா” என்றால், “நம்மளப் பாக்க வந்திருக்கும், செத்த நேரத்துல போவும்” என்கிறார்.

அதனால்தான் கூடை கட்டினேன். ஆபத்து வந்தால் தூக்கிக்கொண்டு ஓட ஒரு பை தயாராக வையுங்கள் என்று ஃபோனில் மெசேஜ் வந்தது. பை கிழிஞ்சிரும்னு பெரிய பனையோலைக் கூடை எடுத்தேன். வீட்டுப் பத்திரம், நம்ம சர்ட்டிபிகேட், பிள்ளைக்கு உள்ள காய்ச்சல் மருந்து, டார்ச், உங்க கல்யாணக் கோட்டு (அது எதுக்குன்னு கேக்காதீங்க, பயத்தில் கைக்கு வந்தது) எல்லாத்தையும் பாலித்தீனில் சுற்றி உள்ளே வைத்து, முகாமில் பிள்ளைக்குப் பசிக்குமேன்னு மேலே ஒரு சீப்பு மட்டிப்பழமும் வைத்து, வெள்ளைத் துணியால் மூடி வாசல் பக்கம் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அறுப்பின் பண்டிகை, வீட்டுக்கு வீடு கூடை படைச்சு ஏலம் விடுற நாள் என்பதை மட்டும் மறந்துவிட்டேன். பனையோலைக் கூடை, மேலே பழம், வெள்ளைத் துணி. நம்ம சபையில் காணிக்கைக் கூடை வேற எப்படி இருக்கும்?

அன்றைக்கு ஆரஞ்சு அலர்ட். நான் பின்னால் கிணற்றில் வெள்ளம் எவ்வளவு ஏறியிருக்குன்னு எட்டிப் பாத்துக்கிட்டு நிக்கேன். மாமா, “மருமவ சொல்லாமலே ஆயத்தம் பண்ணி வச்சிருக்கா”ன்னு சந்தோஷப்பட்டு, கூடையை ஆட்டோவில் ஏத்திக்கொண்டு போய் சர்ச்சில் படைச்சாச்சு. போதகர் ஜெபமும் பண்ணியாச்சு. நான் நைட்டிமேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்து ஓடிப்போனால், அங்கே ஏலம் நடக்குது. சபைக் கமிட்டியில் உள்ள நம்ம ஸ்மைலின் அண்ணன் மைக்கில் மாமா பேரைச் சொல்லி, “நேசமணி அண்ணாச்சி வீட்டுக் கூடை, நல்ல கனம்! உள்ள என்னென்ன ஆசீர்வாதம் இருக்குன்னு ஆண்டவருக்குத்தான் தெரியும்” என்கிறார். எனக்கும் தெரியுமே!

“அண்ணே, அது தெரியாம வந்துட்டு. திருப்பித் தாருங்க.”

“படைச்ச பொருளு கர்த்தருக்குள்ளது ஷைஜா. வேணும்னா ஏலம் கேளு.”

உள்ளே வீட்டுப் பத்திரம் இருக்குன்னு சொல்லவா முடியும்? சொன்னால் போட்டி இன்னும் ஏறும். கேட்டேன். உடனே பின் வரிசையிலிருந்து நம்ம அடுத்த வீட்டு சபிதா, மாப்பிள்ளை குவைத்தில் இருக்காரே அவதான், எனக்கு மேலே கேட்டாள்.

“எட்டி, உள்ள பழந்தாண்டி!”

“பழத்துக்காகவாட்டி நீ நைட்டியோட ஓடி வந்த?”

நான் ஏத்த, அவ ஏத்த, மாமா முன்வரிசையிலிருந்து எல்லாரையும் திரும்பிப் பாத்து “எம் மருமவ”ன்னு தலையாட்டிக்கிட்டிருக்காரு. கடைசியாக என்னால் முடிந்ததைக் கேட்டேன். ஸ்மைலின் அண்ணன் “ஒரு தரம், ரெண்டு தரம்” என்கிறார், சபிதா வாயைத் திறக்கிறாள், அந்த நேரம் பார்த்து சர்ச்சில் உள்ள எல்லா ஃபோனும் ஒண்ணாக அலறிச்சு. வெள்ளம் வருதுன்னு கவர்மெண்டு ஃபோனுக்கு அனுப்புமே, அந்த எச்சரிக்கை சைரன்தான். சபிதா விதிர்விதிர்த்து ஃபோனைக் கீழே போட்டுட்டா. அதைக் குனிஞ்சு எடுக்கதுக்குள்ள “மூணு தரம்!” கூடை எனக்கு. தொகையைக் கேட்காதீர்கள். உங்களுக்கு இப்போ சபையில் நல்ல பேரு.

திரும்பி வரும்போது ரோட்டில் முட்டளவு வெள்ளம். கூடை என் தலையில், பிள்ளை மாமா தோளில். “அந்தப் பழத்துல ரெண்டு எடு மக்ளே, பசிக்கு”ங்காரு. சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது. மழையில் அவர் கவனிக்கவில்லை.

இனி என்னால் முடியாது, அத்தான். மயிலாடி மேட்டு ஊரு, கல்லு ஊரு, கடல் அங்கே வந்து சேர இன்னும் காலம் கிடக்கு. மாமாவிடம் நாளைக்கே பேசுங்க.

கர்த்தர் உங்களையும் உங்க ரூமில் உள்ளவர்களையும் காத்து, முடிந்தால் இந்த பூமியின் சூட்டையும் கொஞ்சம் குறைத்துத் தருவாராக. ஜெஸ்மி முத்தம் தரச் சொன்னாள்.

இப்படிக்கு,
உறக்கம் கெட்ட உங்கள்
ஷைஜா

பி.கு.: காலையில் இதைப் போட்டோ எடுக்க வெளிச்சத்துக்கு வந்தால், வாசலில் ஒரு லோடு ஆட்டோ. மேலே எங்க அப்பா, மடியில் மிக்சி. பக்கத்தில் அம்மா, மடியில் கோழி. மலையிலிருந்து வந்த வெள்ளத்தில் மயிலாடி வீட்டுக் காம்பவுண்டு சுவர் இடிஞ்சு, அடுக்களைக்குள்ள கட்டில் மிதக்குதாம். “கடக்கரைன்னா வெள்ளம் வந்தாலும் ஒடனே வடிஞ்சிரும்லா மக்ளே”ங்காரு அப்பா. மாமாவுக்கு வந்த சந்தோஷத்தைப் பாக்கணுமே! சாயா போட்டுக் கொடுத்துட்டு, அப்பாவைத் தோப்புக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. அதனால் மாமாவிடம் நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். பேசுவதானால் எங்க அப்பாவிடம் பேசுங்க. இங்கே பக்கத்தில் வாடகைக்கு வீடு கிடைக்குமா, கடலைப் பாத்தாப்ல இருந்தா நல்லதுன்னு கேக்காரு.