நகரியில் ஓர் இத்தாலித் துப்பறிவாளர்

துப்பறியும் நாவல் படிப்பவர்களில் இரண்டு வகை உண்டு. படித்துவிட்டுத் தூங்கிப்போகிறவர்கள் ஒரு வகை. அவர்களால் ஊருக்கு ஆபத்தில்லை. படித்து முடித்ததும் தெருவை நோட்டம் விட ஆரம்பிப்பவர்கள் இன்னொரு வகை. நகரி நெசவுத் தெரு வேதாச்சலம் இந்த இரண்டாம் வகையின் சிகரம்.

ஆந்திராவுக்கும் சென்னை ராஜ்யத்துக்கும் எல்லை பிரித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. தெரு தமிழ்ப் பக்கம் போக வேண்டும், பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளிக்கூடம் நிலைக்க வேண்டும் என்று மனு எழுதி முதல் கையெழுத்துப் போட்டவர் வேதாச்சலம்தான். போட்ட கையோடு, திருப்பதியில் வாங்கி வந்த நாவலில் மூழ்கிவிட்டார். கதை நடப்பது இத்தாலியில். துப்பறிவாளர் ஒரு தொந்திக்காரர், பிணம் ஒரு பக்கம் கிடக்க, அந்த வீட்டுச் சமையலறையில் புகுந்து மூக்குப்பிடிக்கத் தின்றுவிட்டுத்தான், "ம், யார் செத்தது?" என்று கேட்பார். வேதாச்சலம் தறியில் உட்கார்ந்தபடி விழுந்து விழுந்து சிரித்தார். இழை அறுந்ததுகூடத் தெரியவில்லை. கடைசியில் கொலைகாரன் யார்? வீடு வீடாகப் போய் மரியாதையாகக் கேள்வி கேட்டு நோட்டில் எழுதிக்கொண்ட ஆசாமி.

மறுநாள் காலை தெருமுனையில் குடையும் நோட்டுமாக ஒருவர். வீடு வீடாக. மரியாதையாக. வேறென்ன அத்தாட்சி வேண்டும்? வேதாச்சலம் கொல்லைப்புறமாகவே ஓடி, அவருக்கு முன்னால் ஒவ்வொரு வீட்டிலும் போய் நின்றார்.

"ரத்தினம்மா, ஒருத்தன் கேள்வி கேட்டுகினு வரான். நம்ப தமிழ் ஆளுங்கன்னு காட்டிக்காத. தெலுங்குலயே பேசி அனுப்பிடு."

"எதுக்குண்ணா?"

"மனு போட்டது யாருன்னு மோப்பம் புடிக்கறான்."

அந்தத் தெருவில் தெலுங்கு யாருக்கு வராது? சந்தையில் பேசுகிற பாஷைதானே. வேதாச்சலம் வீடு உட்பட நாற்பத்திரண்டு வீடும் கணீரென்று தெலுங்கு பேசியது. வந்தவர் மனம் குளிர்ந்து, மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

காலையிலேயே சந்தைக்குப் போயிருந்த மனைவி வெங்கடம்மா, சாயங்காலம் சேதியோடு வந்தாள்.

"குடை புடிச்சிகினு ஒருத்தர் வந்தாராமே, அவுரு எல்லைக்காக எந்த வீட்ல இன்னா பாஷைன்னு கணக்கெடுக்க வந்தவராம். நம்ப தெருவுல ஒரு தமிழ் வீடுகூட இல்லன்னு எழுதிகினு பூட்டாராம்."

மகள் இந்திராணியின் தமிழ்ப் பாடப் புத்தகம் எதிரே கிடந்தது. வேதாச்சலத்துக்கு அதைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. ஆனால் இந்த வகை மனிதர்கள் தோற்றதுண்டா? தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அவன் மேல எனக்கு அப்பவே சந்தேகம்."

வெங்கடம்மா அந்தப் பாடப் புத்தகத்தை எடுத்து மகளின் பையில் வைத்தாள். மனுவில் இரண்டாவது கையெழுத்து அவளுடையது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். குடைக்காரர் தெருவில் காலை வைத்ததுமே அவர் யாரென்று கண்டுபிடித்துவிட்டீர்கள், இல்லையா? பெருமையாகக்கூட இருக்கிறது, இல்லையா? அப்படியானால் ஓர் உபகாரம் செய்யுங்கள். நாளைக்கு உங்கள் வாசலில் யாராவது நோட்டும் கையுமாக வந்து நின்றால், பதில் சொல்லும் வேலையை வீட்டில் வேறு யாரிடமாவது விட்டுவிடுங்கள்.