வலது கன்னம் குறித்த விளக்கம்

குளுவாங்,
செவ்வாய்க்கிழமை

பாசிர் கூடாங்கில் குடும்பத்தோடு சீரும் சிறப்புமாக வாழ்ந்துவரும் மதிப்பிற்குரிய மச்சான் கமலநாதன் அவர்களுக்கு, தங்கள் தங்கை மலரின் கணவன் ஜெயபாலன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் மலரும் மகள் பிரேமலாவும் நலம். அங்கே தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள், தங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று அறிய ஆவல். போன் இருக்கும்போது இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். நான் போனில் பேசினால் தாங்கள் அதை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டுச் சாப்பிடுவீர்கள், நடுவில் அக்கா ஒரு கேள்வி கேட்பார், நான் சொல்ல வந்தது அதோடு போய்விடும். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினாலோ அது குடும்பக் குழு முழுக்கச் சுற்றிவிட்டு எனக்கே திரும்பி வருகிறது. அதனால்தான் கடிதம். தயவுசெய்து தனியாக உட்கார்ந்து படிக்கவும்.

விஷயம் பிரேமலாவின் கல்யாணம். தாங்களே பார்த்துப் பேசிக் கொண்டுவந்த நல்ல இடம் அது. திருச்செல்வம் வீட்டார் இரண்டு வாரத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை பரிசம் பேச வருவதாக இருந்து, மாப்பிள்ளை கவினுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் மாறிவிட்டது என்று கடைசி நேரத்தில் நிறுத்திவிட்டார்கள். காரணம் ஷிப்ட் இல்லை என்று மலரிடம் அக்காதான் சொன்னார். பெண்ணின் அப்பாவுக்கு வெண்புள்ளி இருக்கிறதாம், அது பெண்ணுக்கும் வருமாம், பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்கும் வருமாம். மச்சான், எனக்கு வெண்புள்ளி இல்லை. என் முகத்தில் இருப்பது வெயிலுக்குப் பூசுகிற சன்பிளாக் கிரீம்.

இது எப்படி ஆரம்பித்தது என்றால், காஹாங் தோட்டத்திலிருந்து எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லாரியை நான் எத்தனை காலமாக ஓட்டுகிறேன் என்பது தங்களுக்கே தெரியும். டிரைவர் உட்காருவது வலது பக்கம். வெயில் அடிப்பதும் அந்தப் பக்கம்தான். என் வலது கன்னமும் வலது கையும் அடுப்பில் வைத்ததுபோல் கருத்து, கன்னத்தில் சொரசொரப்பாக ஒரு திட்டு வேறு கிளம்பிவிட்டது. நான் கொசுக்கடி என்று விட்டுவிட்டேன். மருந்துக் கடையில் வேலை பார்க்கிற மகள் விடுவாளா? டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அந்த டாக்டரம்மா ஐஸ் மாதிரி எதையோ அதன்மேல் பீய்ச்சி அந்தத் திட்டை எடுத்துவிட்டு, இப்போதைக்குப் பயமில்லை, ஆனால் இனிமேல் சன்பிளாக் பூசாமல் லாரியில் ஏறக்கூடாது, ஒருமுறை பூசினால் போதாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் பூச வேண்டும், வேர்த்தால் அதற்கு முன்னாலேயே பூச வேண்டும் என்று சொல்லிவிட்டார். நான் வீட்டுக்கு வந்ததும் பிரேமலாவிடம் கேட்டேன், வீட்டுக்கு அடிக்கிற பெயிண்டே ஐந்து வருஷம் நிற்கிறதே, இது ஒரு நாள்கூட நிற்காதா என்று. அவள் சிரிக்காமல், "வீடு வேர்க்காதுப்பா" என்றாள். என் போனில் அலாரமும் வைத்துக் கொடுத்து, அது அடித்தால் எங்கே இருந்தாலும் பூசுவேன் என்று என்னிடம் வாக்கும் வாங்கிக்கொண்டாள்.

வாக்கு கொடுத்தால் நான் மாறமாட்டேன் என்பது தங்களுக்குத் தெரியும். முதல் வாரமே ஆலையின் எடை மேடையில் லாரியை நிறுத்தியிருந்தபோது அலாரம் அடித்தது, நான் அங்கேயே கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டு பூச ஆரம்பித்தேன், பின்னால் நின்ற லாரிகள் எல்லாம் ஹார்ன் அடித்தன, வாசலில் இருந்த காவலாளி வந்து எட்டிப் பார்த்துவிட்டு "அங்கிள், கல்யாணத்துக்கா போறீங்க?" என்று கேட்டார். ஆமாம், மகள் கல்யாணம் வருகிறது என்றேன். அன்றைக்கு அது உண்மையாகவும் இருந்தது.

பிரேமலா வாங்கித் தந்தது நல்ல ஜாதிக் கிரீம், பூசினால் பூசியதே தெரியாது. அதை நான் லாரியின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்தேன். அந்தச் சூட்டில் அது தண்ணீர் தனி, தயிர் தனி என்று பிரிந்துவிட்டது. வெயிலுக்கு வாங்கிய சாமான் வெயில் தாங்கவில்லை என்றால் நான் யாரிடம் போய்ச் சொல்வது? இதை மகளிடம் சொன்னால் திட்டுவாள் என்று பயந்து, காஹாங்கில் ஒரு கடையில் நானே ஒன்று வாங்கினேன். பெட்டியில் கடற்கரையில் விளையாடும் குழந்தைகள் படம் போட்டிருந்தது, குழந்தைகளுக்கே நல்லதென்றால் எனக்குக் கெடுதலா செய்யும் என்று எடுத்துவிட்டேன். அது சுண்ணாம்பு, மச்சான். தேய்க்கத் தேய்க்க வெள்ளையாகிறது. வேர்வையையும் தூசியையும் துடைத்துவிட்டுத்தான் மறுபடி பூச வேண்டும் என்று பிரேமலா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். நான் துடைக்காமல் அதன்மேலேயே பூசுவேன், அதன்மேல் வேர்க்கும், அதன்மேல் இன்னொரு பூச்சு. இடது கன்னத்தில் வெயில் படவில்லையே, அதற்கு எதற்கு வீணாக என்று வலது பக்கத்துக்கு மட்டும்தான் பூசிவந்தேன்.

இந்தக் கோலத்தில்தான் ஒரு நாள் வேலை முடிந்து நேராக மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போய்விட்டேன். அங்கே மாப்பிள்ளையின் பெரியம்மா ராஜம்மா நின்றார். திருச்செல்வத்தின் மனைவி தனலெட்சுமிக்கு உடன்பிறந்த அக்கா, இங்கே குளுவாங்கில்தான் இருக்கிறார். சம்பந்தி வீட்டு மனுஷியாயிற்றே என்று நானே வலியப் போய்ப் பேசினேன். அவர் என் கன்னத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், மறுபடியும் கன்னத்தைப் பார்த்தார். டாக்டரிடம் காட்டினீர்களா என்று மெதுவாகக் கேட்டார். ஆஹா, என் உடம்பின்மேல் இவருக்கு எவ்வளவு அக்கறை என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. காட்டாமல் இருப்பேனா, டாக்டர் சொல்லித்தான் பூசுகிறேன், இனி ஆயுசு முழுக்கப் பூச வேண்டும், எங்கள் வீட்டில் மலரும் பூசுகிறாள், பிரேமலாவும் பூசுகிறாள், பிறக்கிற பிள்ளைகளுக்கும் சின்ன வயதிலேயே ஆரம்பித்துவிட வேண்டுமாம் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் மீன்கூட வாங்காமல் போய்விட்டார்.

விஷயம் தெரிந்ததும் நான் சும்மா இருக்கவில்லை. ராஜம்மா வெள்ளிக்கிழமைதோறும் கோயிலுக்கு வருவார். முகத்தைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவி, எதையும் பூசாமல், அவர் கண்ணில் நன்றாகப் படும்படி தூண் பக்கத்தில் போய் நின்றேன். வலது கன்னத்தை அவர் பக்கமே திருப்பி வைத்திருந்ததில் அம்மன் எனக்கு இடது பக்கமாகிவிட்டாள். ஆனால் மச்சான், அந்தத் திட்டை எடுத்த இடத்தில் தோல் வெளுத்து ஐம்பது காசு அளவுக்கு வட்டமாக இருக்கிறது என்பது எனக்கே அப்போது நினைவில்லை. கிரீம் இருந்தபோது அது மறைந்திருந்தது, கழுவியதும் பளிச்சென்று தெரிந்துவிட்டது. ராஜம்மா என்னைப் பார்த்துக் கண்ணீர்விட்டார். என் பேரில் அர்ச்சனையும் செய்தார். என் நட்சத்திரத்தை என்னிடமே கேட்டுக் குருக்களிடம் சொல்லிவிட்டு வந்தார் என்றால் பாருங்களேன்.

எனக்கு யார்மேலும் கோபமில்லை. பிள்ளையைப் பெற்றவர்கள் நாலையும் யோசிக்கத்தான் செய்வார்கள். ஆனால் பிரேமலா முன்பு அந்தப் பையனோடு போனில் பேசும்போது சமையலறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். இப்போது வீட்டில் சத்தமே இல்லை. வேலைக்குப் போகிறாள், வருகிறாள், நான் கிரீம் பூசினேனா என்று கேட்கிறாள். என் முகத்தைக் காப்பாற்றப் போய் அவள் கல்யாணம் நின்றுபோனால் நான் என்ன மனுஷன்?

ஆகவே தாங்கள் நேரில் திருச்செல்வம் வீட்டுக்குப் போக வேண்டும். சும்மா வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள். அந்தச் சுண்ணாம்புக் கிரீம் ஒரு டியூப் தனியாக அனுப்புகிறேன். அவர்கள் முன்னாலேயே தங்கள் கன்னத்தில் பூசிக் காட்டுங்கள். தாங்கள் என்னைவிடக் கொஞ்சம் நிறம் கூடுதல் ஆனதால் எடுப்பாகத் தெரியும், தப்பாக நினைக்க வேண்டாம். பிறகு அங்கேயே முகம் கழுவிக் காட்டுங்கள். வட்டத்துக்கு டாக்டரின் சீட்டு இருக்கிறது என்றும் சொல்லுங்கள். மலர் கல்யாணத்தில் எனக்காகப் பேசி முடித்தவரும் தாங்கள்தான், அவள் மகள் கல்யாணத்திலும் என்னைக் கைவிடமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி, அவர்கள் நோய்நொடியில்லாமல் நன்றாகப் படித்து முன்னுக்கு வரட்டும். தங்கள் முழங்காலுக்குத் தைலம் தேய்க்க மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மச்சான்,
ஜெயபாலன்

பின்குறிப்பு: மச்சான், மேலே எழுதியதில் ஒரு வரியைக்கூடத் திருச்செல்வம் வீட்டில் சொல்லிவிடாதீர்கள். கிரீமும் அனுப்பவில்லை. நான் குளிக்கப் போயிருந்தபோது மேசைமேல் இருந்த இந்தக் கடிதத்தைப் பிரேமலா படித்துவிட்டாள். கோபப்படவில்லை. என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். "வெண்புள்ளின்னே இருக்கட்டும்பா. அது ஒட்டறதும் இல்ல, ஆளைக் கொல்றதும் இல்ல. எங்க கடைக்கு அதோட எத்தனையோ பேர் வர்றாங்க, நல்லாத்தான் இருக்காங்க. இதுக்கே பயப்படற வீடுன்னா, நாளைக்கு எனக்கு ஒண்ணு வந்தா என்னை எங்க கொண்டுபோய் விடுவாங்க?" என்று கேட்டாள். கல்யாணம் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் கவினே பிரேமலாவைப் போனில் கூப்பிட்டார். நேற்றுத்தான் அவர் அம்மா அவரிடம் விஷயத்தைச் சொன்னாராம், அதுவரை நாங்கள்தான் பரிசத்தைத் தள்ளிப்போட்டோம் என்று நினைத்திருந்தாராம். இது பரம்பரையாக வருமா என்று அவர் கேட்கவில்லை. "அங்கிளை ஆஸ்பத்திரிக்கு யாரு கூட்டிட்டுப் போறாங்க? அடுத்த வியாழக்கிழமை எனக்கு லீவு, நான் வர்றேன். பரிசத்துக்கு அம்மாவையும் கூட்டிட்டு வருவேன், நான் பேசிட்டேன்" என்றாராம். எனக்கு ஒன்றும் இல்லை என்று என் மகள் அப்போதாவது சொன்னாளா? "சரி, வாங்க" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். பரிசம் முடியும்வரை யாரும் உண்மையைச் சொல்லக்கூடாதாம். என்மேல் உள்ள பாசத்தில் தாங்களாகவே போய் எனக்காக வாதாடிவிடக் கூடாதே என்றுதான் இதைத் தபாலில் போடுகிறேன். வியாழக்கிழமை மாப்பிள்ளை என் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். டாக்டரம்மாவிடம் நான் எதைக் காட்டுவது என்று மட்டும் உடனே யோசித்துச் சொல்லுங்கள்.