யாரும் கேக்காத ஃபோல்டர்

என்னிடம் ஒரு வேலையைக் கொடுத்து "உன் இஷ்டத்துக்குப் பண்ணு" என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. சொன்னவர் மெர்சி மேடம், எங்கள் தலைமை நூலகர். பாவம், நல்ல மனுஷி.

இரண்டாயிரங்களின் நடுவில், பம்மலிலிருந்து ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு தாம்பரம் பக்கம் ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்கு வேலைக்குப் போனேன். பழைய ஆராய்ச்சிக் கட்டுரைகளை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். (பிளஸ் டூவில் இரண்டு முறை ஃபெயிலானவன் கையில் அத்தனை டாக்டர் பட்டம்!)

ஏற்றியதெல்லாம் சரி, எடுக்கத்தான் யாராலும் முடியவில்லை. ஃபைலுக்குப் பேர் கிடையாது, நீளமாக ஒரு நம்பர்தான். மாணவர்கள் கீபோர்டை நாலு தட்டுத் தட்டிவிட்டு என்னிடம் வந்துவிடுவார்கள்.

"அண்ணா, அந்தப் பச்ச அட்ட, குண்டு புக்கு."

"பேரு இன்னா?"

"தெர்லண்ணா. ஏரியப் பத்தி இருக்கும். ஓரத்துல எலி கடிச்சிருக்கும்."

தினமும் இதே பேஜார்.

ஒருநாள் மேடம் கூப்பிட்டார். "அடுத்த வாரம் இன்ஸ்பெக்ஷன் கமிட்டி வருது. டிஜிட்டல் லைப்ரரி யூஸ் பண்றவங்களுக்கு ஈஸியா இருக்கணும். அவங்களுக்குப் பிடிச்சா உன்னை பர்மனென்ட் பண்ணச் சொல்லிக் கேக்கறேன். உன் இஷ்டத்துக்குப் பண்ணு, ஆனா பண்ணு!"

எங்கள் பரம்பரையிலேயே பர்மனென்டாக இருந்தது அப்பாவின் இருமல் மட்டும்தான். விடுவேனா?

நான்கு நாள் உட்கார்ந்து, பசங்க எப்படிக் கேட்பார்களோ அப்படியே எல்லா ஃபைலுக்கும் பேர் வைத்தேன். 'பச்ச குண்டு ஏரி.' 'எலி கடிச்சது.' 'படம் நல்லா இருக்கும்.' கேட்க ஆளே இல்லாத கட்டுரைகளுக்குத் தனி ஃபோல்டர்: 'யாரும் கேக்காதது.' அதற்குள், ஸ்கேன் பண்ணும்போது என்னைச் சீக்கிரம் சாய்த்த வரிசைப்படி 'தூக்கம் வரும் 1', 'தூக்கம் வரும் 2'...

பசங்க தாங்களே தேடி எடுத்தார்கள். நான் நிம்மதியாக டீ குடித்தேன்.

கமிட்டி வந்தது. தலைவர் ஒரு வெள்ளைமுடிப் பேராசிரியர். "நானும் இங்கதான் பிஎச்.டி. பண்ணேன். என் தீசிஸை எடுப்பா, பாக்கலாம்" என்று தலைப்பைச் சொன்னார். அந்தத் தலைப்பு எனக்குக் கொட்டாவியோடு ஞாபகம் இருந்தது.

"நெட்டு ஸ்லோவா கீது சார்..."

"இதுக்கு எதுக்குப்பா நெட்டு? இங்கதானே இருக்கு. எடு."

வேறு வழியில்லை. ஃபோல்டரைத் திறந்து இரண்டாவது ஃபைலை அமுக்கினேன். அவர் பேரோடு முதல் பக்கம் வந்தது. மனுஷன் அதைப் பார்க்கவில்லை. ஸ்கிரீன் மேலே இருந்த ஃபோல்டர் பேரையும் ஃபைல் பேரையும் எழுத்துக் கூட்டிப் படித்தார். "யாரும்... கேக்காதது. தூக்கம் வரும்... ரெண்டா?"

பக்கத்தில் நின்ற மேடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ரெண்டுன்னா, ஒண்ணு யாரோடது?"

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். மனுஷனுக்கு ஆறுதலாக இருக்குமே என்று, "நம்ம மேடமோடது சார்" என்றேன்.

அன்று சாயங்காலமே ஷேர் ஆட்டோவில் பர்மனென்டாக வீட்டுக்கு வந்துவிட்டேன். பழைய நம்பர்களும் திரும்பி வந்துவிட்டன. பத்து நாள் கழித்து மேடம் போன் பண்ணினார். குரலில் அனல். "ஏம்ப்பா, அந்தப் பச்ச குண்டு எந்த நம்பர்? பசங்க உயிரை எடுக்கறாங்க!"

இன்று பெருங்களத்தூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வீட்டில் நான் ஏதாவது யோசனை சொல்ல ஆரம்பித்தால் என் மனைவி திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. "அத அந்த ஃபோல்டர்ல போடுய்யா" என்கிறாள்.

ஆறு வயது மகள் உடனே கொட்டாவி விடுகிறாள். "ஒண்ணாம் நம்பராப்பா, ரெண்டாம் நம்பரா?"