பின்தங்கியவர்களுக்குக் கோடைக்காலப் புற்றுநோய்

புற்றுநோய் என்கிற அரக்கனை மனித குலம் என்றைக்காவது ஒழித்துக்கட்டினால், அந்தப் புகழில் முக்கால் பங்கு திருப்பதியில் இருந்த ஒரு மாடிக் கட்டடத்துக்குச் சேர வேண்டும். மீதிக் கால் பங்கு அங்கே ஓடிய மின்விசிறிக்கு. நான் மூணாவதுக்கு மேல் படிக்காதவன். அதனால் புகழ்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

எழுபத்தாறாம் வருஷக் கோடையில், அந்தக் கட்டடத்தில் 'பின்தங்கிய கல்லூரி மாணவர்களுக்குப் புற்றுநோய் ஆராய்ச்சிப் பயிற்சி' என்று அறிவித்தார்கள். சித்தூரில் காலேஜ் படித்துக்கொண்டிருந்த என் மகள் கிரேஸுக்கு இடம் கிடைத்தது. சபையில் எங்களுக்காக விசேஷ ஜெபம் வைத்தார்கள். ஆனால் கிரேஸ் மனசில் இருந்தது ஆராய்ச்சி மட்டுமில்லை. அவள் அம்மா எலிசபெத்துக்குக் கன்னத்தின் உள்பக்கம் ஒரு புண். புகையிலை அடக்குகிற இடம். கிறிஸ்துமஸுக்கு வந்தது, ஈஸ்டர் போயும் ஆறவில்லை.

"அங்க பெரிய டாக்டருங்க இருப்பாங்க நைனா. அம்மா வாயை ஒருதரம் காட்டிடலாம்" என்றாள்.

டாக்டர்களை நான் நம்புகிறவனில்லை. வயசுப் பெண்ணைத் தனியாக அனுப்புவதை அதைவிட நம்பாதவன். ஆகவே மூன்று பேரும் கிளம்பிப் போய் என் மைத்துனன் வீட்டில் தங்கினோம். பயிற்சி நடக்கும்போதெல்லாம் நான் வராந்தாவில், ஜன்னலோரம் இருந்தேன்.

டைரக்டர் டாக்டர் நாகபூஷணம் உள்ளே வந்ததும் கேட்ட முதல் கேள்வியே ஆராய்ச்சிக் கேள்விதான்.

"இதுல வெனுகபடினவங்க யாரு?"

பின்தங்கியவர்களுக்குத் தெலுங்கில் அதுதான் சொல். இருந்த எல்லாரும் கை தூக்கினார்கள்.

"அப்போ வெனுக போயி உக்காருங்க."

"முன்னாடி காலியாத்தானே சார் இருக்குது?" என்றாள் கிரேஸ்.

"அது முன்னுக்கு வந்தவங்களுக்கும்மா."

முன்னுக்கு வந்தவர்கள் கொஞ்ச நேரத்தில் வந்தார்கள். எல்லாரும் ஆபீசர் வீட்டுப் பிள்ளைகள். மின்விசிறி அந்த வரிசைக்கு மேல்தான் ஓடியது.

சென்னையிலிருந்து ஒரு மைக்ராஸ்கோப் வந்து இறங்கியது. விஞ்ஞானத்துக்கு உரிய மரியாதை செய்தார்கள். தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, சந்தனம் குங்குமம் வைத்தார்கள். கண் வைத்துப் பார்க்கிற கண்ணாடியையும் விட்டுவைக்கவில்லை. முன்வரிசை முதலில் பார்த்தது.

"ஏமி கனபடுதுந்தி? என்ன தெரியுது?"

"செவப்பு செவப்பா உருண்டை சார்!"

"அதான் கேன்சர் செல்! நல்லா பாத்துக்குங்க."

தாசில்தார் பையன் அதைப் படமாகவே வரைந்துவிட்டான். கடைசியாகக் கிரேஸ் முறை வந்தது. குனிந்து பார்த்தாள். தாவணி முனையால் கண்ணாடியை ஒரு துடை துடைத்தாள். மறுபடி பார்த்தாள்.

"செவப்பு ஒண்ணும் இல்லையே சார்."

"ஏம்மா, இன்னா பண்ணே?"

"குங்குமம் சார். தொடச்சிட்டேன்."

தாவணி முனையால் புற்றுநோயைக் குணப்படுத்திய முதல் ஆள் என் மகள்தான். டைரக்டர் பாராட்டவில்லை. "பூஜை பண்ணதைத் தொடைக்கிறியே, அபசாரம்!" என்று மைக்ராஸ்கோப்பை பீரோவில் வைத்துப் பூட்டினார். பின்வரிசைக்கு இனிமேல் 'வாய்மொழிப் பயிற்சி' மட்டும் என்று உத்தரவானது.

வாய் என்றதும் கிரேஸ் விடவில்லை. மறுநாள் எலிசபெத்தை அழைத்து வந்து அவர் முன்னால் நிறுத்தினாள். டைரக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். முகம் பூரித்துவிட்டது.

"அத்புதம்! அசல் சரக்கு!"

"மருந்து சார்?" என்றேன் நான்.

"அவசரப்படாதீங்க பெரியவரே. பேஷண்ட் பாடம் கடைசி வாரம். அதுவரைக்கும் வேற எங்கியும் காட்டாதீங்க. மருந்து பட்டா நோயோட அசல் ரூபம் கெட்டுடும்."

"அவளால துன்ன முடியலைங்க. கஞ்சி குடிச்சாலே எரியுதுன்றா."

"எரியணும். அது லட்சணம்."

"நாங்க வேலூருக்கே கூட்டிக்கினு போறோம் சார்" என்றாள் கிரேஸ்.

"போம்மா, தாராளமா போ. சர்டிபிகேட்டை மட்டும் கேக்காதே."

கிரேஸ் அம்மாவைப் பார்த்தாள். எலிசபெத் சிரிக்கப் பார்த்தாள், வலித்தது.

"இரு கண்ணு. உன் படிப்பு கெட வேணாம். புண்ணு எங்க ஓடப் போவுது? இங்கியேதான் இருக்கும்."

கடைசி வாரம் வந்தது. பேஷண்ட் பாடத்தையும் நிறைவு விழாவையும் சிக்கனமாக ஒன்றாக வைத்துவிட்டார்கள். எலிசபெத்துக்கு மேடையில் நாற்காலி, கழுத்தில் சாமந்தி மாலை. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவள் மாலை போட்டது அன்றைக்குத்தான்.

"வாயை நல்லா தெறம்மா" என்றார் போட்டோக்காரர்.

ஒரு விரல் நுழைகிற அளவுக்குத்தான் திறக்க முடிந்தது.

"போன வாரம்கூட தெறந்துச்சே!" என்று டைரக்டர் வருத்தப்பட்டார். பிறகு மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே! நம்ம பயிற்சி மகத்தான வெற்றி. ஆரம்பத்துல இந்தம்மாவோட புண்ணு மொளகளவு. இன்னிக்கு கொட்டைப்பாக்களவு. எல்லாம் நம்ம கண்ணு முன்னாடியே வளந்தது!"

விழாவுக்கு வந்திருந்த டாக்டர்கள் எல்லாரும் கைதட்ட, மண்டபம் அதிர்ந்தது. பின்வரிசை மட்டும் சும்மா இருந்தது. கிரேஸின் பேரைக் கூப்பிட்டார்கள். மேடை ஏறினாள். சர்டிபிகேட்டை நீட்டிய கையைத் தாண்டிப் போய் அம்மா கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். கையைப் பிடித்து இறக்கிக் கூட்டி வந்தாள்.

"நைனா, வேலூர் பஸ்ஸு" என்றாள். அவ்வளவுதான்.

வேலூரில் பார்த்த டாக்டர் வயசில் சின்னவர். டார்ச்சை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தாடையோட எடுக்கணும். அப்பவும் நிச்சயமா சொல்ல முடியாது. கோடை ஆரம்பத்துல வந்திருந்தா புண்ணு மட்டும் போயிருக்கும். இத்தினி நாளா ஒரு டாக்டர்கூடவா பாக்கலை?"

"எல்லா டாக்டரும் பாத்தாங்க சார்" என்றேன். "கைகூட தட்டினாங்க."