ஐம்பது ஓம்

ஒட்டுசுட்டான்,
12-7-1962

மதிப்புக்குரிய மைத்துனர், வித்தியா கந்தோர் அதிகாரி கனகலிங்கம் அவர்களுக்கு,

நான் மௌனமாயிருந்தது போதும். நீரும் என் தங்கை இலட்சுமியும் பிள்ளைகளும் சுகம் என்று பிறர் வாயால் கேட்டு அறிந்தேன். நாங்களும் சுகமே, நீர் விசாரிக்கவில்லை என்றாலும். எங்கள் குடிபுகுதல் நாளன்று ஜீப்பை வாசலில் நிறுத்தாமல் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு நீர் பறந்து போனதைப் பற்றி இங்கே எழுத வரவில்லை. அது தனிக்கடிதத்துக்குரிய விஷயம்.

இந்நேரம் உமது மேசைக்கு ஒரு மனு வந்திருக்கும். எங்கள் கொலனிப் பள்ளிக்கூடத்து விஞ்ஞான ஆசிரியை பத்மாசனியை உடனே இடம் மாற்ற வேண்டுமென்று, பெற்றார் ஆசிரியர் சங்கத் தலைவர் வீரகத்தி எழுதி, ஊரெல்லாம் ஒப்பம் வாங்கி அனுப்பியது. கேட்டதற்கு ஓம் என்று சம்மதம் சொல்லிவிட்டு ஆசிரியை ஏமாற்றினார் என்பது குற்றச்சாட்டு. அவர் சொன்னது ஓம்தான். ஆனால் நடந்ததைக் கேளும்.

பரிசளிப்பு விழாவுக்கு நெல் ஆலையின் லைற் எஞ்சினைக் கொண்டுவந்து எட்டுப் பல்புகள் தொங்கவிட்டிருந்தார்கள். அதுவே இந்தக் காட்டுக்குப் பெரிய வெளிச்சம். வீரகத்திக்கு அது போதவில்லை. கொழும்பிலிருந்து மகன் அனுப்பிய மின்சாரக் கேத்திலை மேடையில் வைத்து, ஊர் பார்த்திருக்க, பிரதம விருந்தாளியான காரியாதிகாரிக்குத் தேத்தண்ணி வார்க்க வேண்டும் என்று ஆசை. பின்னேரம் கேத்திலும் கையுமாக வந்து ஆசிரியையைக் கேட்டார்.

“ரீச்சர், இதைக் கொளுவலாமோ? தடை ஒண்டும் இல்லைத்தானே?”

அந்தப் பெண் கேத்திலைக் கவிழ்த்துப் பார்த்தது. அடியில் 230 வோல்ற், 4.6 அம்பியர் என்று பொறித்திருந்தது. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தது, கடதாசி இல்லாமல், பென்சில் இல்லாமல், நின்ற நிலையில்.

“தடையோ? ஐம்பது ஓம்.”

“ஒருக்காச் சொன்னால் காணும், பிள்ளை. ஐம்பது தரமோ!” என்று சிரித்துக்கொண்டு வீரகத்தி போய்விட்டார்.

மின்தடையை அளக்கும் அலகுக்கு ஓம் என்று பெயர் என்பது வீரகத்திக்கு எங்கே தெரியும்? ஆசிரியை பின்னாலேயே ஓடினார். “ஐயா, நில்லுங்கோ, வலுவைப் பாருங்கோ!” என்று முற்றத்தில் நின்ற கரும்பலகையில் பெருக்கியும் காட்டினார். கேத்தில் மட்டும் 1058 வாற் குடிக்கும். எஞ்சின் தரக்கூடியது ஐந்து அம்பியர், அதாவது 1150 வாற். மிச்சத் தொண்ணூற்றிரண்டில் ஒரு அறுபது வாற் பல்புதான் எரியும், மற்ற ஏழும் பட்டினி. வீரகத்தி திரும்பியும் பார்க்கவில்லை. “ஓம் எண்டால் ஓம்தான், பிறகென்ன கணக்கு?” என்றார். நான் வேலியோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். பௌதிகத்தில் திறமைச் சித்தி பெற்றவன் நான், நீர் அல்ல. ஆனாலும் வாய்க்கால் தண்ணீர்ச் சண்டைக்குப் பிறகு வீரகத்தியோடு எனக்குக் கதை இல்லை. கதை இல்லாத மனுசனுக்கு எப்படிப் புத்தி சொல்லுகிறது?

பொழுதுபட்டது. காரியாதிகாரி மாலையோடு இருக்கிறார், என் மகள் அருந்ததி மேடையில் பேசுகிறாள், வீரகத்தி கேத்திலைக் கொளுவுகிறார். பல்புகள் எல்லாம் பழுத்த மிளகாய் மாதிரிச் சிவந்து, எஞ்சின் ஒருதரம் முக்கி, செத்துப் போயிற்று. ஒரே இருட்டு.

“ரீச்சர்! நீங்கள் ஓம் எண்டியள்!”

“ஐயா, அது கணக்கிலை வாற ஓம். சம்மதத்திலை வாற ஓம் இல்லை.”

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்: “இனிக் கலியாணம் பேசேக்கையும் எந்த ஓம் எண்டு கேக்கோணும்!” சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். மனைவி பயந்து போனாள். “என்னப்பா, நெஞ்சு நோகுதோ?”

பெற்றோமாக்ஸ் வரும்வரை அந்தப் பெண் சும்மா நிற்கவில்லை. இருட்டுக்குள் நின்றே விளக்கினார். “குளத்துத் துருசாலை வாய்க்காலுக்கு வாற தண்ணி அளவுதானே? ஒரு வயல்காரர் முழுக்க மறிச்சுக் கட்டினால் மற்ற வயலுக்கு என்ன கிடைக்கும்?” வீரகத்தி எங்கள் வாய்க்காலை மறித்த கதை ஆசிரியைக்குத் தெரியாது. சனத்துக்குத் தெரியும். இருட்டுக்குள் எழுந்த கனைப்புகள் எனக்கு இனித்தன.

நாங்கள் இதையெல்லாம் இங்கிலீசில் நெட்டுருப் போட்டோம், சோதனை எழுதினோம், மறந்தோம். அதற்குள் ஒரு கேத்தில் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இந்தப் பெண் தமிழில் சொல்ல, என் வீட்டில் அருந்ததி காணுகிறதெல்லாம் வகுத்துப் பெருக்குகிறாள். நேற்று, “அப்பாவுக்குத் தடை கூட, அதுதான் இந்தச் சூடு” என்றாள். அழுத்தம் மாறாவிட்டால் தடை கூடச் சூடு குறையும், பிழை என்று பிடித்தேன். “எங்கடை வீட்டிலை மாறாதது ஓட்டம், அப்பா. அம்மாவின்ரை கதையைக் கேக்கேல்லையோ?” என்றாள். கணக்குச் சரி.

ஆகவே பத்மாசனி ரீச்சரை மாத்தாதேயும். அவா போனால் இங்கை விஞ்ஞானம் படிப்பிக்க ஆளில்லை, அருந்ததி தையல்தான் படிக்கவேணும். இலட்சுமிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உமக்கு உத்தியோக வணக்கம்.

பி.கு.: எழுதியதை வாசித்துப் பார்த்தேன். ஒப்பமிட்டால், இத்தனை வருடம் முறுக்கிக்கொண்டு நின்றவன் கடைசியில் என் காலடிக்கு வந்தான் என்று வவுனியா முழுக்கச் சொல்லித் திரிவீர். மச்சான் சிபாரிசு என்று வீரகத்தியும் எழுதுவார், ஆசிரியைக்கு அதுவும் கூடாது. எனவே மேலே உள்ள முறைச்சொற்களையும் ஜீப்பையும் வாசிக்காததாக வைத்துக்கொள்ளும். இதை எழுதியவன் உமக்கு யாருமில்லை. ஒப்பமில்லாத கடிதங்களை நீர் கூடைக்குள் போடுகிறவர் என்று கேள்வி. இதையும் போடும். இது உமது வீட்டு விலாசத்துக்குத்தான் வருகிறது; வீட்டுக் கூடையைக் கொட்டுவது இலட்சுமிதான், அவளுக்கு அண்ணன்ரை எழுத்துத் தெரியும். ஒப்பமிடாமலே தபாலில் சேர்க்கிறேன்.