வட்டை விதானைக்குத் தலைமைத்துவம் கற்பித்த வரலாறு

மட்டக்களப்பு வாவியின் உப்புத் தண்ணீர் வயலுக்குள் ஏறுவதற்குக் காரணம் கடலல்ல, தலைமைத்துவக் குறைபாடே என்ற பேருண்மையைக் கண்டுபிடித்த பெருமை முழுவதும் கீழைத்தேய முகாமைத்துவ உயர் நிறுவகத்தையே சாரும். கொழும்பில் ஏழு மாடிகளில் குளிரூட்டப்பட்டு நின்ற அந்த நிறுவகம், அதுவரை முதலாளிமாரின் பிள்ளைகளுக்கு முதலாளியாவது எப்படி என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது. 1999ஆம் ஆண்டு, வெளிநாட்டிலிருந்து கல்லூரிகளுக்குத் தரம் போடும் ஒரு குழு கடிதம் எழுதியது. எல்லாம் சரி, உங்கள் கல்லூரியால் விளைந்த 'பொதுநலம்' எங்கே என்று அதில் கேட்டிருந்தது. நிறுவகம் ஏழு மாடிகளிலும் தேடிப் பார்த்தது. கிடைக்கவில்லை. ஆகவே அது வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் இருக்கலாம் என்று முடிவு செய்து, தன் விரிவுரையாளர் கலாநிதி அருமைநாயகத்தை அனுப்பிவைத்தது. அவர் ஆரையம்பதியில் பிறந்தவர். ஆறு வயதில் கொழும்புக்குப் போனவர். எனவே மண்ணின் மைந்தர்.

இந்தக் கடிதப் போக்குவரத்தெல்லாம் வினாயகமூர்த்திக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஒரு மதகு.

மண்டூருக்குத் தெற்கே பாலாமடு வட்டைக்கு அவர் விதானை. ஒரே வாய்க்காலில் தண்ணீர் குடிக்கும் வயல்கள் அவ்வளவும் சேர்ந்தது ஒரு வட்டை. அந்த நூற்றிருபது ஏக்கருக்கும் எந்த நாள் தண்ணீர், யாருக்கு முதல், யாருக்குப் பிறகு என்று சொல்பவர் விதானை. பதினாறு வருடமாக விவசாயிகள் கைதூக்கி அவரைத்தான் தெரிவுசெய்தார்கள். அவருடைய சொந்த வயலுக்குக் கடைசித் தண்ணீர். அது அந்த வட்டையின் வழக்கம். தலைமைத்துவம் பற்றி அவருக்கு யாரும் அதுவரை சொல்லிக்கொடுத்ததில்லை என்பதால் இப்படியெல்லாம் நடந்துகொண்டிருந்தார், பாவம்.

வாவித் தண்ணீர் வயலுக்குள் வராமல் தடுப்பது அந்த மதகு. இரண்டு வருடத்துக்கு முன் அதன் பக்கச் சுவரில் ஒரு ஷெல் விழுந்தது. யாருடைய ஷெல் என்பதில் இராணுவம், இயக்கம் இரு தரப்பும் மிகுந்த அடக்கம் காட்டின. இன்றுவரை ஒருவரும் உரிமை கோரவில்லை. ஆள் குனிந்து போகக்கூடிய ஓட்டை. தென்னங்குற்றியும் களிமண்ணும் வைத்து அடைத்திருந்தார்கள். மண்மூட்டை அடுக்கலாம் என்றால், மேலே பறக்கும் ஹெலிகொப்டர் அதைப் பதுங்குகுழி என்று நினைத்துக்கொள்ளும். பத்துப் பை சீமெந்து இருந்தால் சுவரைக் கட்டிவிடலாம். ஆனால் சீமெந்து தடைசெய்யப்பட்ட பொருள். இராணுவத்திடமுள்ள எழுவான்கரையிலிருந்து இயக்கத்திடமுள்ள படுவான்கரைக்கு ஒரு பை கொண்டுவரவும் அனுமதி வேண்டும். வினாயகமூர்த்தி பதினொரு கடிதம் எழுதியிருந்தார். பதினொன்றும் 'கவனத்தில் எடுக்கப்பட்டிருந்தன'.

மாரி மழை தொடங்கினால் வாவி ஏறும். ஏறினால் முதலில் போவது மதகடியில் இருந்த சீதேவிப்பிள்ளையின் இரண்டு ஏக்கர். புருசனை இழந்தவள். அந்த நெல்தான் அவள் வீட்டு வருடச் சோறு.

இந்த நேரத்தில்தான் கலாநிதி வந்தார்.

"விதானையார், உங்களில் ஒரு தலைவர் உறங்கிக்கொண்டிருக்கிறார்" என்றார்.

"அப்பிடியா சேர்? நான் நாலு மணிக்கே எழும்பிருவன்" என்றார் வினாயகமூர்த்தி.

மூன்று நாள் பயிற்சி. தலைப்பு, 'நிலைபேறான தலைமைத்துவம்'. வட்டைக்காரர் எல்லாரையும் திரட்டித் தரவேண்டும். வினாயகமூர்த்தி தலையைச் சொறிந்தார். வாய்க்கால் வெட்டுகிற காலத்தில் மூன்று நாள் சும்மா இருக்கச் சொன்னால் சனம் அவரையே வெட்டும். அப்போதுதான் கலாநிதி, பயிற்சி உபகரணங்களோடு பத்துப் பை சீமெந்துக்கும் அமைச்சில் அனுமதி எடுத்திருப்பதாகச் சொன்னார்.

"சீமெந்தா சேர்? பத்துப் பையா?" விதானையின் கை தலையிலிருந்து இறங்கிற்று. "அது எங்களுக்கா?"

"எல்லாம் பொதுநலத்துக்குத்தானே" என்றார் கலாநிதி.

அவ்வளவு போதாதா? வினாயகமூர்த்தி அன்றைக்கே நாற்பத்திரண்டு பேரைத் திரட்டிவிட்டார்.

நிறுவகத்தின் லொறி குருமண்வெளித் துறைக்கு வந்து, 'பாதை' என்று அங்கே சொல்கிற மிதவையில் ஏற நின்றபோது, காவலரணில் இருந்த இராணுவக்காரர் சீமெந்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அமைச்சின் கடிதம் அவ்வளவு கனதியானது. அவர் பார்த்தது, லொறியில் கட்டியிருந்த 'நிலைபேறான தலைமைத்துவம்' பதாகையை. "தலைவரா? எந்தத் தலைவர்?" என்று கேட்டு அரைமணி நேரம் மறித்துவைத்தார். அக்கரையில் இறங்கியதும் இயக்கப் பொடியன்கள் இருவர் அதே பதாகையை வாசித்தார்கள்; எத்தனை பேருக்குப் பயிற்சி என்றும் கேட்டார்கள். "இங்க தலைவர் ஒராள் இருக்காரு. நீங்க ஆரக் கேட்டு நாப்பத்திரண்டு பேர உண்டாக்கப் போறீங்க?" கலாநிதி நெருக்கடி முகாமைத்துவத்தில் முதுகலை முடித்தவர். உடனே 'தலைமைத்துவம்' என்ற சொல்லின் மேல் வெள்ளைத் துணி ஒட்டச் சொன்னார். பயிற்சி 'நிலைபேறான' என்ற ஒற்றைச் சொல்லின் கீழ், எது நிலைபேறானது என்று தெரியாமலேயே இனிது ஆரம்பமாயிற்று.

முதல் நாள், நம்பிக்கை வளர்க்கும் பயிற்சி. ஆளுக்கொரு கறுப்புத் துணியைக் கொடுத்துக் கலாநிதி சொன்னார்: "கண்களைக் கட்டிக்கொள்ளுங்கள். உங்கள் தலைவர் கையைப் பிடித்து அழைத்துப் போவார். எங்கே என்று கேட்கக்கூடாது."

பத்துப் பேர் எழும்பி வேலியால் பாய்ந்து ஓடிவிட்டார்கள். இந்தப் பயிற்சியில் அந்தப் பகுதி மக்கள் ஏற்கெனவே நன்கு தேறியிருந்தார்கள் என்பதையும், அதற்குப் போன சிலர் இன்னும் திரும்பி வரவில்லை என்பதையும் பாடத்திட்டம் தயாரித்தவர்கள் கவனிக்கவில்லை. ஓடியவர்களை வினாயகமூர்த்தி ஒவ்வொருவராகப் போய்க் கெஞ்சிக் கூட்டிவந்தார். "சீமெந்துக்காகப் பொறுங்கடா" என்றார்.

இரண்டாம் நாள், வட்டைக்கு உள்ள அச்சுறுத்தல்களைப் பட்டியலிடவேண்டும். கலாநிதி பெரிய தாளை ஒட்டிவிட்டு, பேனாவைத் திறந்து நின்றார்.

"சொல்லுங்கள். உங்களுக்குள்ள அச்சுறுத்தல்கள் என்ன? மனம் திறந்து பேசலாம்."

எல்லாருடைய கண்ணும் யன்னலுக்குப் போயிற்று. யன்னலுக்கு வெளியே சைக்கிளில் சாய்ந்து நின்றவன் யாருடைய ஆள் என்று யாருக்கும் தெரியாது. உள்ளே இருந்தவர்களைப் பற்றியும் உத்தரவாதம் இல்லை. கடைசியில் பின்வரிசையிலிருந்து கச்சி முகம்மது தொண்டையைச் செருமினார். காத்தான்குடி நெல் வியாபாரி; நெல் விசயமாக வந்த இடத்தில், சோற்றுப் பார்சல் உண்டென்று கேள்விப்பட்டு உட்கார்ந்தவர்.

"யான" என்றார்.

"ஓம் சேர், யானதான்!" என்று நாற்பத்திரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"வேறு?"

"வேறென்ன சேர்? எல்லாம் யானதான். ராவில வாறதும் யான, ஆளக் கொண்டு போறதும் யான."

கலாநிதி ஒன்று, யானை என்று எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டார். இவ்வளவு அச்சமற்ற சமூகத்தைத் தாம் கண்டதில்லை என்று பாராட்டினார்.

மூன்றாம் நாள் பின்னேரம், படிவம் கொடுத்தார்கள். பயிற்சி எப்படி இருந்தது? கற்பித்த வளவாளர் எப்படி? ஏழாவது கேள்வி: 'உங்களுக்கு இன்னும் நிறைவேற்றப்படாத தேவை ஏதும் உண்டா?'

சீதேவிப்பிள்ளை படிவத்தோடு விதானையிடம் வந்தாள். "அண்ண, இதில மதகு எண்டு எழுதட்டா?"

"என்னகா புள்ள நீ!" வினாயகமூர்த்தி பதறிப்போனார். "மூணு நாளாச் சோறு போட்டவரு. வெளிக்கிட்டுப் போகக்குள்ள, அது தாங்க இது தாங்க எண்டு கேக்கிறதா? என்ன நினைப்பாரு நம்மள? சீமெந்துதான் தாறாரே. ஒண்டுமில்ல, நிறைவு எண்டு எழுதிக் குடு." அதோடு விடாமல், மற்றவர்களுக்கும் உரத்துச் சொன்னார்: "எல்லாரும் நல்லா எழுதுங்க. வந்த மனிசன்ட மனம் நோகப்படாது!"

விதானை சொன்னால் அந்த வட்டையில் மறுபேச்சில்லை. எழுதத் தெரியாத ஏழு பேருக்கு அவரே குந்தியிருந்து எழுதிக்கொடுத்தார்.

கலாநிதி படிவங்களைப் புரட்டினார். அவர் முகம் கோயில் விளக்குப் போலப் பிரகாசித்தது.

"நாற்பத்திரண்டு பேர். நாற்பத்திரண்டிலும் 'ஒன்றுமில்லை'. நூற்றுக்கு நூறு! விதானையார், இப்படியொரு தரவு உலகத்தில் எந்தக் கல்லூரிக்கும் கிடைத்திருக்காது."

"சந்தோசம் சேர். அப்ப சீமெந்த எங்க இறக்குற? மதகடிக்கு வண்டில் கொண்டு வரட்டா?"

"மதகுக்கா?" கலாநிதி புருவத்தை உயர்த்தினார். "தேவை ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறீர்களே!"

"ஐயோ சேர், அது மரியாதைக்கு எழுதினது."

"மரியாதைக்கு எழுதியதும் தரவுதான், விதானையார். தேவையில்லாதவர்களுக்கு வளத்தைக் கொடுத்தால் அது பொதுநலம் அல்ல, விரயம். நிறுவகம் விரயத்துக்கு எதிரானது."

பிறகு லொறியின் பின்பக்கத்தைத் திறக்கச் சொன்னார். வைக்கோலுக்குள்ளிருந்து நாலடி உயரக் கருங்கல் ஒன்று வெளியே வந்தது. 'பொதுநலத்துக்காக' என்று மேலே பெரிதாக வெட்டி, கீழே பணிப்பாளர் சபையின் பதினான்கு பெயர்கள், எல்லாவற்றுக்கும் கீழே சற்றுப் பெரிய எழுத்தில் கலாநிதி அருமைநாயகம். பயிற்சி வெற்றிகரமாக நிறைவுற்ற திகதியும் இருந்தது. கொழும்பிலேயே வெட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். திகதியைப் பார்த்தபோதுதான் வினாயகமூர்த்திக்குச் சங்கதி விளங்கிற்று. கல்லுக்குப் பீடம் கட்டக் கணக்குப் பார்த்தே பத்துப் பை எடுத்திருக்கிறார்கள்.

பீடம் மறுநாள் எழுந்தது. வட்டைக்காரர்தான் மண் குழைத்தார்கள். அதற்குப் பெயர் 'சமூகப் பங்களிப்பு'. கலாநிதி எல்லாருக்கும் சான்றிதழ் கொடுத்தார். அந்த வருடம் நிறுவகத்துக்குப் பொதுநலத்தில் மூன்று நட்சத்திரம் கிடைத்ததாகப் பத்திரிகையில் படம் வந்தது.

ஐப்பசியில் விதைத்தார்கள். கார்த்திகை பிறந்து ஐந்தாம் நாள் வாவி ஏறிற்று. தென்னங்குற்றி பிடுங்கிக்கொண்டு போக, உவர்த்தண்ணீர் மதகால் பாய்ந்தது. சீதேவிப்பிள்ளையின் வயலில் ஒரு சாண் வளர்ந்து நின்ற பயிர் மூன்று நாளில் வெந்து மஞ்சளாகிப்போயிற்று. வினாயகமூர்த்தி வரம்பில் போய் நின்றார். அவள் ஏசியிருந்தால் தாங்கியிருப்பார்.

"நீங்க எழுதச் சொன்னீங்க, அண்ண. நான் எழுதினன்" என்று மட்டும் சொன்னாள்.

அவர் திரும்பி நடந்தார். அன்றைக்கு அழுதார் என்று வீட்டில் சொன்னார்கள். விடிந்ததும் வட்டை முழுக்க ஆளனுப்பினார்: வயலுக்கு ஓராள், அலவாங்கும் மண்வெட்டியும் கொண்டு வரவும். இன்னும் நூற்றுச் சொச்சம் ஏக்கர் மிச்சம் இருந்தது. தண்ணீர் ஒவ்வொரு வயலாக மேலே ஏறிக்கொண்டிருந்தது.

நாற்பத்திரண்டு பேரும் வந்தார்கள். விதானை கல்லைக் காட்டினார். சனம் தயங்கி நின்றது.

"அமைச்சின்ட கடிதத்தோட வந்த கல்லு, அண்ண. தொட்டா வில்லங்கம் வரும்" என்றார் ஒருவர்.

பயிர் பார்க்க வந்திருந்த கச்சி முகம்மது குடையை மடக்கிக்கொண்டு கல்லருகே போனார். கண்ணாடியைப் போட்டு நிதானமாக வாசித்தார்.

"பொதுநலத்துக்காக எண்டுதானே விதானையார் எழுதியிரிக்கி? நீங்க பொதுசனந்தானே? மறுகா என்ன, எடுங்க!"

பீடத்தை உடைத்து, உடைந்த துண்டுகளை ஓட்டைக்குள் உருட்டி, அதற்கு மேல் கருங்கல்லை நிமிர்த்தி நிறுத்திக் களிமண் பூசினார்கள். உச்சிவெயிலுக்கு முன் தண்ணீர் நின்றது. சீதேவிப்பிள்ளையின் இரண்டு ஏக்கரைத் தவிர மற்றதெல்லாம் தப்பிற்று. அவளுடைய வருடச் சோற்றுக்கு வயலுக்கு இரண்டு மரைக்கால் நெல் போடவேண்டும் என்று விதானை சொன்னார். தன் வயலுக்கு ஆறு என்றார்.

மாசியில் கலாநிதி புகைப்படக்காரரோடு வந்தார். நிறுவகத்தின் ஆண்டறிக்கை அட்டைக்குக் கல்லின் படம் வேண்டியிருந்தது. பீடம் இருந்த இடத்தில் புல் முளைத்திருந்தது.

"கல் எங்கே விதானையார்?"

"வாங்க சேர், காட்டுறன்."

வரம்பு வழியே மதகடிக்குக் கூட்டிப்போனார். இந்தப் பக்கம் பச்சை வெள்ளாமை. அந்தப் பக்கம் வாவி. நடுவில், கல்லில், கழுத்தளவு சேற்றில் பதினான்கு பணிப்பாளர்களும், அவர்களுக்கும் கீழே முற்றாக மூழ்கிக் கலாநிதி அருமைநாயகமும் நின்றார்கள்.

கலாநிதிக்கு மூச்சு வாங்கியது. "இது அழிவு வேலை! இது பொதுச்சொத்து! மூன்று நாள் உங்களுக்குத் தலைமைத்துவம் கற்பித்தோமே, அதற்கு நீங்கள் செய்த கைம்மாறு இதுதானா?"

வினாயகமூர்த்தி தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார். விருந்தாளியிடம் குரலை உயர்த்தியது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தரம்.

"சனத்துக்கெண்டு பதினொரு கடிதம் எழுதினன், சேர். ஒரு பை சீமெந்து வாவி தாண்டயில்ல. உங்கட பேர நிமித்தி வைக்கிறதுக்கெண்டா பத்துப் பையும் ஒரே நாளில வந்திச்சி. சீதேவிப்பிள்ள ஒரு வருசச் சோத்த இழந்ததும் உங்கட பேராலதான். அதான் அந்தப் பேரையே கொண்டந்து ஓட்டைக்குள்ள வச்சிரிக்கம். நீங்க படிச்ச படிப்பில எங்களுக்கு உதவினது இந்தக் கல்லு மட்டுந்தான் சேர். அதுவும் நாங்க களவெடுத்த பிறகுதான் உதவிச்சி."